கரிசல் காட்டில் ஐஸ் பெட்டி

மதுரையிலிருந்து தெற்கு நோக்கிச் சுமார் 50 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் அருப்புக்கோட்டை வந்து சேரும். நெசவாளர் நிறைந்த ஊர். தறிச் சப்தம் கேளாத தெரு அங்கே குறைவு. அவ்வூரை விட்டுக் கிழக்கே திருச்சுழிப் பாதையில் திரும்பினாலோ, சப்தமெல்லாம் அடங்கிப் போகிறது. இருபுறமும் கறுத்த மண். கண்ணுக்கு எட்டியவரை சீமைக் கருவேல மரம். இடையிடையே கரிமூட்டத்தின் புகை. குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு. வருஷத்தில் பெரும்பகுதி அதில் மணலைத்தான் காணலாம். ஸ்ரீ ரமண மகரிஷி 1879-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி அவதரித்த ஊர் என்று திருச்சுழியைப் பக்தர்கள் அறிவார்கள். அந்த ஊரைச் சுற்றியுள்ள குடியானவர்களுக்கோ, அது மழையை எதிர்பார்த்துக் கண்மாய்க் கரையில் நிற்கும் சீமை.

இந்தச் சீமைக்குள் 2021-ம் வருஷத்துக் கோடையில் ஒரு பெட்டி பிரயாணம் செய்தது. தோளில் மாட்டிக்கொள்ளக் கூடிய சிறு பெட்டி. உள்ளே நான்கு புறமும் ஐஸ் அடைத்த நான்கு பைகள். நடுவில் விரற்கடை உயரமுள்ள சில சீசாக்கள். அந்தச் சீசாக்களில் இருந்த மருந்துக்கு 2 டிகிரிக்குக் கீழேயும் ஆகாது, 8 டிகிரிக்கு மேலேயும் ஆகாது. வெளியிலே வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குடம் குளிர்ந்த தண்ணீருக்கு அரை மைல் நடக்கும் பெண்கள், அந்தக் குளிர்ந்த பெட்டியைச் சற்றுச் சந்தேகத்துடனேயே பார்த்தார்கள்.

அவர்கள் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருஷம் வேறோர் ஐஸ் பெட்டி அதே பாதையில் எதிர்த் திசையில் போயிருந்தது. அதில் போனது மருந்தன்று. ஜனங்களின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்த மாதிரிகள். முதற் பெட்டி ஊரை விட்டுப் போன விதந்தான், இரண்டாம் பெட்டி ஊருக்குள் வந்த விதத்தை நிர்ணயித்தது என்பது நமது அபிப்பிராயம்.

வேப்பிலை கட்டிய வாசல்

கரிசல் காட்டு ஜனங்களுக்கு ஊசி புதிதன்று. இவ்வட்டாரத்தில் 1975-க்கு முன் பிறந்தவர்களின் கையைப் பாருங்கள். காசளவுக்குத் தோல் சுருங்கிய ஒரு தழும்பு பலருக்கும் இருக்கும். அது அம்மை குத்திய அடையாளம். 1802-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தியதே இந்தியாவில் முதல் அம்மைக்குத்து. அந்தப் பழக்கம் கிராமத்துக்குக் கிராமம் நடந்து வந்து சேருவதற்குள் பல தலைமுறைகள் கழிந்தன. அம்மைக் குத்துக்காரர் வருகிறார் என்று கேட்டதும் குழந்தைகளைக் குதிருக்குள்ளும் பருத்திக் காட்டிலும் ஒளித்து வைத்த கதைகளைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அன்றைய தாய்மார்கள் மூடர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அம்மை கண்ட வீட்டில் அவர்கள் செய்ததைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். வாசலில் வேப்பிலை செருகினார்கள். அதைப் பார்த்ததும் அயலார் உள்ளே நுழைவதில்லை. வீட்டார் வெளியே விசேஷங்களுக்குப் போவதில்லை. தாளிப்புக் கிடையாது, நோயாளிக்குத் தனிப் படுக்கை, தலைக்குத் தண்ணீர் விடும் நாள் வரையில் இந்த நியமம். சாத்தூருக்கு அருகில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வது வேறு. இன்றைய வைத்திய சாஸ்திரம் தனிமைப்படுத்தல் என்று எதைச் சொல்கிறதோ, அதை அந்த வேப்பிலைக் கொத்து செய்து முடித்தது. முக்கியமான விஷயம் என்னவென்றால், வேப்பிலை கட்டிய வீட்டுக்கு அவமானம் இல்லை. அம்மன் வந்திருக்கிறாள் என்ற மரியாதையே இருந்தது.

அம்மைக் குத்தும் கடைசியில் ஜயித்தது. சென்னைக் கிண்டியில் உள்ள கிங் ஸ்தாபனம் அம்மைப் பாலைத் தயாரிப்பதற்காக ஏற்பட்டது. மாகாணத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை நடந்த நாளில், 1939-ம் வருஷம், சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் பிறந்தது. அதே ராஜாஜி 1955-ல் காசநோய்க்கான பி.ஸி.ஜி. ஊசியை எதிர்த்துப் புஸ்தகமே எழுதினார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊசியைப் பற்றிய பயம் படியாதவர்களுக்கு மட்டும் உரியதென்று யாரும் எண்ணிவிடக் கூடாது அல்லவா? பெரியம்மையோ 1975-க்குப் பிறகு இந்தியாவில் தலைகாட்டவில்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது.

கிங் ஸ்தாபனத்தை நாம் இங்கே நினைவூட்டியதற்குக் காரணம் உண்டு. 2020-ல் கொரோனா என்ற தொத்து நோய் தமிழ்நாட்டில் புகுந்தபோது, மாதிரிகளைச் சோதிக்கத் தொடங்கிய முதல் இடமும் அதுவேதான்.

தகரம் அடித்த வாசல்

2020-ம் வருஷம் மார்ச் 7-ந் தேதி தமிழ்நாட்டில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 25-ந் தேதி மதுரையில் முதல் மரணம். அன்றைய தினமே தேச முழுவதும் ஊரடங்கு. அருப்புக்கோட்டையில் தறிகள் நின்றன. நூல் வரவில்லை, நெய்த துணியை வாங்க ஆளில்லை. கரிமூட்டம் போட்டவர்களுக்குக் கரியை ஏற்றிச் செல்ல லாரி இல்லை. சர்க்கார் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. கபசுரக் குடிநீரும் கொடுத்தார்கள். குடிநீர் கசந்தது, ரூபாய் எத்தனை நாளைக்குக் காணும்?

ஆரம்ப நாட்களில் இந்த ஜில்லாவில் நோய் அவ்வளவாக இல்லை. ஜூன் மாதத்தில் சென்னையில் நோய் முற்றியதும், பிழைக்கப் போனவர்கள் சொந்த ஊர் திரும்பினார்கள். ஜூலையில் விருதுநகர் ஜில்லா முழுவதும் எண்ணிக்கை மளமளவென்று ஏறிற்று.

பரிசோதனை எப்படி நடந்தது என்பதை நேயர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். மூக்கின் ஆழத்திலிருந்து எடுத்த குச்சியை ஒரு திரவத்தில் நனைத்து மூடி, ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். சோதனைச் சாலையில் கிருமியின் ஜீவ இழையைப் பிரித்தெடுத்து, ஒரு யந்திரத்திலிட்டு, ஒன்றை இரண்டாகவும் இரண்டை நான்காகவும் பெருக்குகிறார்கள். நாற்பது தடவை வரையில் இப்படிப் பெருக்கினால், மாதிரியில் கிருமியின் சுவடு கொஞ்சம் இருந்தாலும் யந்திரம் காட்டிக் கொடுத்துவிடும். ஆர்.டி.பி.சி.ஆர். என்று இதற்குப் பெயர். வேறு மாகாணங்கள் அரை மணியில் முடிவு சொல்லும் துரிதப் பரிசோதனையைக் கையாண்டபோதும், தமிழ்நாட்டுச் சர்க்கார் இந்தத் துல்லியமான முறையையே பற்றி நின்றது. அது பாராட்டத் தக்கதே. ஆனால் துல்லியத்துக்குச் சோதனைச் சாலை வேண்டும். நோய் தொடங்கிய புதிதில் தென் ஜில்லாக்களுக்குத் தேனியும் திருநெல்வேலியுமே கதி. மதுரையில் பிறகுதான் ஏற்பட்டது. பரளச்சியில் எடுத்த மாதிரி எத்தனை மைல் போய் முடிவாகத் திரும்ப வேண்டும் என்று கணக்குப் பாருங்கள்.

முடிவு வரும் வரையில் அந்த மனிதன் என்ன செய்வான்? கூலிக்காரன் இரண்டாம் நாளே வேலைக்குப் போய்விடுவான். நோய் இருக்கிறது என்று முடிவு வந்தாலோ, வெள்ளை உடுப்பு அணிந்தவர்கள் வண்டியில் வந்து இறங்குவார்கள். தெரு வேடிக்கை பார்க்கும். கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்படும். பல ஊர்களில் வாசலை அடைத்துத் தகரம் அடித்தார்கள். பதினான்கு நாள் கூலி போயிற்று. அதற்குப் பின்னும் அந்த வீட்டுப் பால் விலை போகாது; அந்த வீட்டுப் பெண்ணைக் களை பறிக்கக் கூப்பிட மாட்டார்கள். வேப்பிலை மரியாதையோடு செய்த காரியத்தைத் தகரம் அவமானத்தோடு செய்தது.

நோட்டீஸ் விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. உரிய அதிகாரி சட்டப்படி குறிப்பாக உத்தரவிட்டாலன்றி, நோயாளி வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டலாகாது என்று 2020-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். நல்ல தீர்ப்பு, ஆனால் அதற்குள் கிராமத்தார் தங்கள் பாடத்தைக் கற்றுவிட்டார்கள். காய்ச்சல் வந்தால் சொல்லாதே, சொன்னால் குச்சியோடு வருவார்கள் என்பதே அந்தப் பாடம். இருமல் வந்தவர்கள் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுத் திண்ணையின் உட்புறம் படுத்துக்கொண்டார்கள். ஆதலால் முதற் பெட்டி திருச்சுழிப் பக்கத்திலிருந்து எத்தனை மாதிரிகளைச் சுமந்து போனாலும், அது சொன்ன கணக்கு அரைக் கணக்காகவே இருந்திருக்கும்.

பத்துப் பேருக்கு ஒரு சீசா

2021-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி தேசமெங்கும் தடுப்பூசி ஆரம்பமாயிற்று. தமிழ்நாட்டில் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் அப்போதைய முதல் மந்திரி ஸ்ரீ பழனிசாமி அதைத் தொடங்கி வைத்தார். முதலில் வைத்தியர்கள், நர்ஸுகள். மார்ச்சில் 60 வயது கடந்தவர்கள். ஏப்ரலில் 45 கடந்தவர்கள்.

இங்கே சீசாவின் கணக்கைச் சொல்ல வேண்டும். கோவிஷீல்டு என்ற மருந்து பத்துப் பேருக்கு ஒரு சீசா. ரப்பர் மூடியில் முதல் ஊசி இறங்கியதும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். நான்கு மணி நேரத்துக்குள் பத்துப் பேருக்கும் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மீதி குப்பைக்கு. பட்டணத்தில் இது ஒரு பொருட்டன்று. நரிக்குடிக்குப் பக்கத்தில் முப்பது வீடுள்ள ஒரு குக்கிராமத்தில் பத்துப் பேர் எப்போது சேருவார்கள்? நாலு பேர் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்தாவது ஆளுக்காக நர்சம்மா தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சீசாவைத் திறந்தால் ஆறு பேருடைய மருந்து வீண். திறக்காவிட்டால் நடந்து வந்த நாலு பேர் மனம் கசந்து திரும்புவார்கள், மறுபடி வரமாட்டார்கள். எதைச் செய்வது? 2021 ஏப்ரல் 11 வரையில் தமிழ்நாட்டில் 100-க்கு 12 பங்குக்கு மேல் மருந்து வீணாயிற்று என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்தது. தேசத்திலேயே அதிகமான விகிதம் இதுதான். பத்திரிகைகள் கண்டித்தன. வேப்பமரத்தடியில் ஐந்தாவது ஆளுக்காகக் காத்திருந்த பெண்ணை நினைத்தால், அந்த எண்ணைக் கண்டு நமக்குக் கோபம் வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு துக்க சம்பவம் நேர்ந்தது. ஹாஸ்ய நடிகர் விவேக் ஏப்ரல் 15-ந் தேதி சென்னைச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டு, ஜனங்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு, 17-ந் தேதி காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று வைத்தியர்கள் அன்றே சொன்னார்கள். பல மாதங்களுக்குப் பின் தேசீய நிபுணர் குழுவும் ஆராய்ந்து அதையே சொல்லிற்று. ஆனால் டீக்கடை பெஞ்சியில் நிபுணர் குழுவுக்கு இடமேது? தங்கள் பக்கத்துப் பேச்சிலே பேசிச் சிரிக்க வைத்த மனிதர் போய்விட்டார் என்ற துயரமும், ஊசி என்ற சொல்லும் ஒன்றாய்க் கலந்துவிட்டன. ‘எனக்கெதுக்குத் தாயீ ஊசி? நான் இருந்து என்ன செய்யப் போறேன்?’ என்று நர்சம்மாவைத் திருப்பி அனுப்பிய கிழவிகள் எத்தனையோ பேர்.

பிறகு வந்தது இரண்டாவது அலை. மே மாதம் 7-ந் தேதி புதிய மந்திரிசபை பதவி ஏற்றது. பேரிடர் நிர்வாகத்தை உள்ளடக்கிய வருவாய் இலாகாவை ஏற்ற ஸ்ரீ ராமச்சந்திரன் அருப்புக்கோட்டைத் தொகுதியின் அங்கத்தினர். தொழில் இலாகாவை ஏற்ற ஸ்ரீ தங்கம் தென்னரசு திருச்சுழித் தொகுதியின் அங்கத்தினர். அடுத்தடுத்த இரண்டு வறண்ட தொகுதிகளுக்கு அத்தகைய வாய்ப்பு அபூர்வம். மே 21-ந் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் கண்டது. அருப்புக்கோட்டையிலும் அறிமுகமானவர்களின் சாவுச் செய்தி வரத் தொடங்கியது. உடனே ஜனங்கள் ஊசியைத் தேடி ஓடினார்கள். இப்போது ஊசி இல்லை!

கிடைத்ததற்கும் ஒரு நிபந்தனை. 18 முதல் 44 வயது வரையில் உள்ளவர்கள் டெலிபோனில் முன்னதாகப் பெயர் பதிய வேண்டும் என்றார்கள். ஆடு மேய்ப்பவன் அதை எங்கே பதிவான்? பதிவு செய்யும் தளத்தில் முதலில் இங்கிலீஷ்; ஜூன் ஆரம்பத்தில் ஹிந்தியும் வேறு சில பாஷைகளும் சேர்ந்தபோது தமிழ் விடுபட்டிருந்தது. முறையிட்ட பின்னரே தமிழ் சேர்ந்தது. இம்மாதிரி விஷயங்களில் நாம் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது என்பதை வருத்தத்துடன் குறித்துக்கொள்கிறோம். நல்லவேளையாக, சர்க்கார் நிலையங்களில் நேரில் வந்தும் பதியலாம் என்று மே 24 முதல் தளர்த்தியிருந்தார்கள். ஜூன் 21 முதல் எல்லா வயது வந்தோருக்கும் மத்திய சர்க்கார் இலவசமாக மருந்து அளித்தது.

மருந்து அருமையானதும் நர்சம்மாமாரின் கை இன்னும் பதமாயிற்று. சீசாவில் சிந்துவதற்கென்று கொஞ்சம் அதிகமாகவே மருந்து அடைத்திருப்பார்கள். ஒரு துளியும் சிந்தாமல் இழுத்தால் பதினோராவது ஆளுக்கும் தேறும். மே 1 முதல் ஜூலை 13 வரையில் தமிழ்நாடு இப்படி மிச்சம் பிடித்தது 5,88,243 பேருக்கான மருந்து. தேசத்திலேயே அதிகம் மிச்சம் பிடித்த மாகாணம் தமிழ்நாடுதான். ஏப்ரலில் வீணடித்ததிலும் முதல், ஜூலையில் மிச்சம் பிடித்ததிலும் முதல். ஊசி போட்ட கைகள் அவைதாம். மாறியிருந்தது எதிரே கையை நீட்டியவர்களின் மனம்.

ஞாயிற்றுக்கிழமையும் சனிக்கிழமையும்

செப்டம்பர் 12-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுவதும் 40,000 இடங்களில் ஒரே நாளில் முகாம் நடத்தினார்கள். 20 லக்ஷம் பேருக்குப் போடலாம் என்று எண்ணியிருந்தார்கள்; போட்டுக்கொண்டவர்கள் ஏறக்குறைய 28 லக்ஷத்து 91 ஆயிரம் பேர். பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரை என்று பெட்டி ஜனங்களைத் தேடிப் போயிற்று.

வாராவாரம் முகாம் தொடர்ந்தபோது ஒரு வேடிக்கை தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிச் சோறும், சிலருக்கு அதற்கு மேலான பானமும் உண்டல்லவா? ஊசி போட்டுக்கொண்டால் இவ்விரண்டும் கூடாது என்று யாரோ கிளப்பிவிட, ஆண் பிள்ளைகள் ஞாயிறன்று கண்ணில் படாமல் மறைந்தார்கள். சர்க்கார் அவர்களோடு தர்க்கம் செய்து கொண்டிருக்கவில்லை. அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டது! வெளிப்பார்வைக்கு இது அற்பமான மாறுதல். தகரம் அடித்த அதே சர்க்கார் குடியானவன் வீட்டுச் சட்டியைக் கூட மதிக்கக் கற்றுக்கொண்டது என்பதால் நமக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

அதற்குப் பின் மிஞ்சியிருந்தவர்கள், வீட்டை விட்டு நகர முடியாத வயோதிகர்களும் மனம் ஒப்பாதவர்களும். ஒரு துணைச் சுகாதார நிலையத்துக்குச் சுமார் 5,000 ஜனங்கள். அவர்களுக்கு ஒரு நர்சம்மா. எந்த வீட்டில் எந்த மருமகள் கர்ப்பிணி, எந்தக் கிழவருக்குச் சர்க்கரை வியாதி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முந்திய வருஷம் குச்சியோடு வந்த வண்டியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் முகந்தெரியாதவர்கள். இப்போது வாசலில் நின்றவரோ, அந்த வீட்டுப் பேரனுக்குப் பிறந்த நாளிலிருந்து சொட்டு மருந்து கொடுத்தவர். கிழவி சிறிது நேரம் சண்டை போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். அந்தக் கையில் பழைய அம்மைத் தழும்பு இருந்தது.

இரத்தம் சொன்ன கணக்கு

இனி, விட்டுப் போன அரைக் கணக்குக்கு வருவோம். 2021-ம் வருஷம் ஜூன், ஜூலை மாதங்களில் பொது சுகாதார இலாகாவினர் மாகாணமெங்கும் 26,610 பேருடைய இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். நோய் வந்து போயிருந்தாலும், ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் இரத்தத்தில் அதற்கு எதிர்ப்புப் பொருள் உண்டாகியிருக்கும். 17,624 பேரிடம் அது காணப்பட்டது. அதாவது நூற்றுக்கு 66 பேர். ஜில்லாவாரியாகப் பிரித்தபோது மிகக் குறைவு ஈரோடு, நூற்றுக்கு 37. மிக அதிகம் எது? சென்னை அன்று. மதுரை அன்று. நமது விருதுநகர் ஜில்லாதான், நூற்றுக்கு 84.

அப்போது இரண்டு ஊசியும் முடித்தவர்கள் மாகாணத்தில் சிறு தொகையினரே. ஆகையால் அந்த 84-ல் பெரும்பகுதி, நோய் வீட்டுக்குள் வந்து தங்கிப் போன தடயம் என்றே கொள்ள வேண்டும். குச்சி கண்டுபிடிக்காததை, தகரத்துக்குப் பயந்து திண்ணையின் உட்புறம் படுத்திருந்தவர்கள் சொல்லாததை, இரத்தம் சொல்லிவிட்டது. அப்படிப் படுத்தவர்களில் எத்தனை பேர் எழுந்திருக்கவில்லை என்பதை இரத்தமும் சொல்லாது. இந்தியாவில் இந்நோய்க்கு இரையானவர்கள் சுமார் 5 லக்ஷத்து 30 ஆயிரம் என்பது சர்க்கார் கணக்கு. 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களில் மட்டும் 47 லக்ஷம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. மத்திய சர்க்கார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. கரிசல் காட்டில் எந்தக் கணக்கிலும் ஏறாத சில வீடுகளில் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது.

2022-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி விருதுநகரில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. 2023 மே 5-ந் தேதி, உலகளாவிய அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. முகாம்களும் நின்றன. நர்சம்மாவின் ஐஸ் பெட்டி மட்டும் ஓயவில்லை. பச்சைக் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள் புதன்கிழமை. அன்று காலையில் திருச்சுழிப் பாதையில் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, வெயில் ஏறுவதற்கு முன்பே கிராமத்துக்குள் நடந்துவிடுகிறார்.